சுருங்க மறுக்கும் தண்ணீர்

காரைக்காலை அடுத்த மண்டபத்தூர் கடற்கரையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி வெள்ளைத் தாளில் பரப்புங்கள். தாளுக்கு அடியில் ஒரு காந்தத்தை நகர்த்தினால், மணலில் கலந்திருக்கும் கறுப்புத் துகள்களில் சில அதன் பின்னாலேயே ஓடும். மேக்னடைட் என்னும் இரும்புத் தாது அது. சாதாரண மணலில் பெரும்பகுதியாக இருக்கும் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, மேக்னடைட்டின் அடர்த்தி 5-க்கும் மேல். பலத்த அலை லேசானதை அடித்துக்கொண்டு போய்விடும், கனமானது கரையில் தங்கிவிடும். சோழமண்டலக் கரையில் பல இடங்களில் மழைக்காலம் கழிந்ததும் மணலில் கருங்கோடுகள் தெரிவது இதனால்தான்.

இந்த மணலைத் தூவி மாதிரி ரயில் பாதை அமைப்பவர்களுக்குக் கறுப்புத் துகள் ஆகவே ஆகாது. உள்ளங்கையில் அடங்கும் எஞ்சினின் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. தண்டவாளத்துக்கு இடையே ஜல்லியாகத் தூவிய மணலிலிருந்து இரும்புத் துகளை அது மேலே இழுக்கும். ஒரு துகள் பல்சக்கரத்தில் சிக்கினாலே வண்டி நின்றுவிடும். அதனால் முதலில் காந்தத்தை ஓட்டித் துகளை எடுக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தைக் கெடுக்கும். அதன் பிறகு சலிப்பு. அசல் பாதையில் கொட்டும் ஜல்லியின் பெரிய கல் சுமார் 65 மில்லிமீட்டர். அதை மாதிரியின் அளவான 87-ஆல் வகுத்தால் முக்கால் மில்லிமீட்டர். மாவுச் சல்லடையில் தங்கி, ரவைச் சல்லடையில் இறங்குவதுதான் ஏறக்குறைய நமக்கு வேண்டிய அளவு. மஞ்சள் நிறம் மட்டும் பொருந்தாது. கருங்கல் ஜல்லியின் சாம்பல் நிறத்தை நீர்த்த பெயின்டால் ஏற்றிக்கொள்ளலாம்.

87 என்பது உலகில் மிகப் பரவலான ஹெச்.ஓ. அளவு: அசலில் 87 சென்டிமீட்டர் இருப்பது மாதிரியில் ஒரு சென்டிமீட்டர். கடைகளில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு அது சரியாகப் பொருந்தும். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர் என்பதால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். அந்த வித்தியாசத்தால் நம் பெட்டிகள் கடைத் தண்டவாளத்தில் ஒல்லிக்கால் வைத்து நிற்பதைப் போலத் தெரியும். மீட்டர் கேஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆயிரம் மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கிறது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தை வாங்கி, மற்ற எல்லாவற்றையும் 1-க்கு 120 என்ற அளவில் செய்துகொள்ளலாம்.

மீட்டர் கேஜ் என்றதும் இந்தக் கரையில் எவருக்கும் நினைவு வருவது பேரளம்–காரைக்கால் பாதை. 1898-ல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்காகப் போடப்பட்டது. வண்டிகளை இயக்கியது தென்னிந்திய ரயில்வே. அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாக ஏறக்குறைய இருபத்து மூன்றரை கிலோமீட்டர். அன்று வண்டி கிளம்பியது பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லாவில், போய் நின்றது பிரெஞ்சு மண்ணில். மண்டபத்தூருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளித் தரங்கம்பாடியிலும் மாயவரத்திலிருந்து வந்த மீட்டர் கேஜ் கிளைப் பாதை ஒன்று கடலோரத்தில் முடிந்தது. இரண்டும் 1980-களில் நின்றுபோயின. 2011-ல் நாகூரிலிருந்து அகலப் பாதை காரைக்காலுக்கு வந்தது. பேரளம் பாதையும் இப்போது அகலப் பாதையாக மீண்டும் போடப்பட்டுவிட்டது. பழைய பாதையை இனி மாதிரியில்தான் பார்க்க முடியும். அதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முழுப் பாதையையும் 87-ஆல் சுருக்கினால் 270 மீட்டர் வரும். எந்த வீட்டிலும் அதற்கு இடமில்லை. ஒரு ஸ்டேஷன், ஒரு வாய்க்கால் பாலம், கொஞ்சம் வயல் என்று பொறுக்கியெடுப்பதுதான் வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புனேயின் கோத்ருட் பகுதியில் பாவுசாகேப் ஜோஷி உருவாக்கி 1998-ல் திறந்த மாதிரி ரயில் அருங்காட்சியகமும் எந்த ஊரையும் அப்படியே பெயர்த்து வைத்ததல்ல. நகரம், மேம்பாலம், சர்க்கஸ் கூடாரம் என்று கற்பனையில் சேர்த்துக் கட்டிய ஊர் அது. விளக்கை அணைத்து இரவாக்கிக் காட்டும்போது குழந்தைகள் கண்ணாடியில் முகம் ஒட்டி நிற்பார்கள்.

மாதிரி ரயில் என்றாலே மலையும் சுரங்கமும் வேண்டும் என்ற எண்ணம் இங்கும் பரவிவிட்டது. ஆல்ப்ஸ் மலையைப் பார்த்தவர்கள் எழுதிய புத்தகங்களிலிருந்து வந்த பழக்கம். சுரங்கத்துக்கு ஓர் உபயோகம் உண்டு: சுற்றிச் சுற்றி வரும் வண்டியைக் கொஞ்ச நேரம் மறைத்து, எங்கோ போய்வந்ததாகக் காட்டும். டெல்டாவில் அந்த வேலையைப் பனந்தோப்பும் அரிசி ஆலையின் நீளச் சுவரும் செய்யும். இந்த மண் தட்டையானது என்பதால் அமைப்பது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளத்துக்குத் தப்ப ரயில் பாதை கரை கட்டி உயர்ந்து போகிறது. வயலும் வாய்க்காலும் அதற்குக் கீழே கிடக்கின்றன. இரண்டு மீட்டர் கரை என்றால் மாதிரியில் 23 மில்லிமீட்டர். ஒரே ப்ளைவுட் பலகையில் எல்லாவற்றையும் ஒட்டினால் இந்த இறக்கம் வராது. தண்டவாளத்துக்குத் தனிச் சட்டம் போட்டு, நிலத்தை அதற்குக் கீழே தாழ்த்தி அமைக்க வேண்டும்.

பனைமரத்தில் பெரும்பாலானவர்கள் தயங்கிவிடுவார்கள். 20 மீட்டர் பனை 23 சென்டிமீட்டர் வரும்; பக்கத்தில் நிற்கும் மீட்டர் கேஜ் பெட்டியின் உயரமோ நாலு சென்டிமீட்டர்தான். இவ்வளவு பெரிதாக இருக்காது என்று மனசு சொல்லும், கை மரத்தைக் குட்டையாக்கிவிடும். கணக்கை நம்புங்கள். மூங்கில் குச்சியை லேசாகச் சீவி அடிமரம். விசிறியாக மடித்து நுனி கத்தரித்த தாள்துண்டுகள் ஓலை. ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள். பச்சை ஓலைகள் உருண்டையாக எல்லாத் திசையிலும் விரிய வேண்டும். அதன் அடியில் பழுப்பேறிய காவோலை நாலைந்து தலைகீழாகத் தொங்காவிட்டால் அது பனை ஆகாது. நெல் பயிருக்கு முதலில் ஒரு மாதத்தைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நாற்றங்காலின் இளம்பச்சையும் அறுவடை வயலின் மஞ்சளும் அடுத்தடுத்து இருக்கலாம். ஆனால் எல்லா மாதமும் ஒரே மேஜையில் இருந்தால் விவசாயி கண்டுபிடித்துவிடுவார். பயிரை நிற்க வைக்க மின்புலத்தைப் பயன்படுத்துகிறார்கள். பசை தடவிய நிலத்துக்கும் கையிலிருக்கும் சல்லடைக்கும் இடையே சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால், நைலான் இழைகள் மின்புலக் கோடுகளின் வழியே செங்குத்தாக வந்து குத்திட்டு நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்றாலும் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

தண்ணீருக்கு வருவோம். வாய்க்கால்தானே, கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் போயிற்று என்று தோன்றும். ஊற்றிப் பாருங்கள், பார்த்ததும் பொய் தெரிந்துவிடும். தண்ணீரின் பரப்பு இழுவிசை சுருங்குவதில்லை. கரையைத் தொடும் இடத்தில் தண்ணீர் இரண்டு மில்லிமீட்டர் வரை வளைந்து ஏறும். 87-ஆல் பெருக்கினால் அது ஏறக்குறைய ஒரு சாண் உயரம்! காரைக்காலில் ஓடும் அசல் அரசலாறு கரையோரம் ஒரு சாண் மேலேறி வளைந்து நிற்பதில்லையே. அலையும் அப்படித்தான், மேஜையைத் தட்டினால் எழும் சிற்றலை, மாதிரியின் அளவோடு ஒப்பிட்டால், ஆற்று அலையை விடப் பல மடங்கு வேகமாக ஓடி அடங்கும். அதனால்தான் தண்ணீரைத் தண்ணீரால் செய்வதில்லை. அடியில் வண்டல் நிறத்தைப் பூசி, நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் வெளிறியும் வைத்து ஆழம் காட்டி, மேலே ரெசினை மெல்லிய அடுக்குகளாக ஊற்றுகிறார்கள். மேட்டூர் அணை திறந்து வரும் புதுத்தண்ணீர் கலங்கல் பழுப்பு. அதற்குக் கண்ணாடித் தெளிவு பொருந்தாது.

வெளிச்சமும் சுருங்க மறுக்கிறது. நடுப்பகல் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ். அறையில் சில நூறு. அசல் பெட்டியின் நிறத்தை அப்படியே கலந்து பூசினால் மாதிரி இருண்டு தெரியும். கொஞ்சம் வெள்ளை சேர்க்க வேண்டும். தூரத்து மரங்களுக்கு இன்னும் வெளிறிய நீலச்சாயல் வேண்டும். இந்தக் கரையில் மிக முக்கியம் அடிவானம். அது எப்போதும் பார்ப்பவரின் கண் மட்டத்தில் இருக்கும். மேஜை முக்கால் மீட்டர் உயரம், உங்கள் கண் அதற்கு மேல் 80 சென்டிமீட்டர் என்றால், அந்தச் சின்ன உலகத்தில் நீங்கள் 70 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கிறீர்கள். தண்டவாளத்துக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே கண் வரும்படி அமைப்பை உயர்த்திவிட்டால், மாடிவீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்க்கும் காட்சி கிடைக்கும். பின்னால் வரைந்த கடலின் கோடும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். மலை இருந்தால் இந்தப் பிழையை மறைத்துவிடலாம். காரைக்காலில் அதற்கு வழியில்லை.

இனி கைகாட்டி. பழைய மீட்டர் கேஜ் ஸ்டேஷன்களில் வண்டி வருவதை ஊருக்குச் சொன்னது அதுதான்: சிவப்புக் கை நேராக நீண்டிருந்தால் நில், கீழே சாய்ந்தால் வரலாம். ஸ்டேஷனிலிருந்து பல நூறு மீட்டர் தூரம் ஓடும் இரும்புக் கம்பிதான் அதை இழுக்கும். 500 மீட்டர் கம்பி ஒரு டிகிரி சூட்டுக்கு ஆறு மில்லிமீட்டர் நீளும். காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் ஒன்பது சென்டிமீட்டர் தொய்வு. அதைச் சரிக்கட்டக் கம்பியை இறுக்கும் தனிச் சாதனம் வைத்திருந்தார்கள். கம்பி அறுந்துபோனால்? எதிர் எடை தன் பாரத்தால் இறங்கி, கையை மறுபடி நேராக்கி ‘நில்’ என்று காட்டிவிடும். எது பழுதானாலும் வண்டி நிற்க வேண்டும் என்பதுதான் சிக்னலின் அடிப்படை. இங்கிலாந்தில் ஏபட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் 1876 ஜனவரியில் பனி உறைந்து, கைகள் ‘வரலாம்’ என்ற நிலையிலேயே மாட்டிக்கொண்டதால் ரயில்கள் மோதின. சிக்னல் அமைப்பில் பல மாற்றங்கள் அதற்குப் பிறகு வந்தன.

மாதிரியில் இந்த எதிர் எடை வேலை செய்யாது. நீளம் 87-இல் ஒரு பங்கானால் எடை ஆறரை லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். மூட்டில் இருக்கும் உராய்வு அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஒரு துளி பெயின்ட் போதும், கை அந்தரத்தில் நின்றுவிடும். உராய்வே இல்லாமல் செய்துவிட்டாலும் புவியீர்ப்பு சுருங்கவில்லை. விழும் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், சின்னக் கை அசலை விட ஒன்பது மடங்கு சீக்கிரத்தில் விழுந்து முடித்துவிடும். சினிமாவில் சிறிய அணையை உடைத்துக் காட்டும்போது அதிவேகக் கேமராவில் எடுத்து மெதுவாக ஓட்டுவதும் இதே காரணத்தால்தான். மாதிரிக் கைகாட்டிக்குக் கீழே ஒரு சிறிய சர்வோ மோட்டாரை வைத்து, கையை நிதானமாக ஏற்றி இறக்குகிறார்கள். நேர்நிலைக்கு வந்ததும் அசல் கை இரண்டு முறை துள்ளி அடங்கும். அந்தத் துள்ளலையும் நிரலில் எழுதிவிடலாம்.

இரவு விளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. பழைய கைகாட்டியின் பச்சைக் கண்ணாடியை எடுத்துப் பகலில் பார்த்தால் நீலமாகத்தான் தெரியும். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளி மஞ்சள். அது நீலச்சாயல் கண்ணாடி வழியே வரும்போது டிரைவருக்குப் பச்சையாகத் தெரிந்தது. வெள்ளை எல்.இ.டி.க்கு முன்னால் அதே நிறத் தாளை ஒட்டினால் நீலம்தான் வரும். மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட் எல்.இ.டி. வாங்குங்கள்.

எடை, தண்ணீர், வெளிச்சம் எல்லாம் இப்படி முரண்டு பிடிக்க, துளியும் சேதமில்லாமல் சுருங்குவது ஒன்று உண்டு: சிக்னலின் தர்க்கம். தண்டவாளம் பிரியும் இடமான பாயின்ட், லூப் எனும் பக்கப் பாதைக்குத் திரும்பியிருக்கும்போது மெயின் லைன் கைகாட்டி இறங்கக் கூடாது. கைகாட்டி இறங்கிய பிறகு பாயின்ட் அசையக் கூடாது. அசல் லீவர் வரிசையில் இரும்புப் பட்டைகளும் அவற்றின் வெட்டுகளில் இறங்கும் ஆப்புகளும் இதைச் செய்தன. தகரப் பட்டைகளை வெட்டிச் செய்தாலும், ரிலேக்களால் செய்தாலும், ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் பத்து வரி நிரல் எழுதினாலும் விதி அதேதான். ஒற்றைப் பாதையில் நீல்ஸ் டோக்கன் கருவியும் இப்படித்தான். அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் டோக்கனான இரும்புக் குண்டு வெளியே வரும். ஒரு குண்டு வெளியே இருக்கும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வராது. அந்தக் குண்டு கையில் இல்லாமல் டிரைவர் கிளம்ப மாட்டார்.

ரயில்வேக்காரர்கள் மாதிரிப் பாதையை விளையாட்டாகக் கருதாததற்குக் காரணம் இதுதான். லங்காஷயர்–யார்க்ஷயர் ரயில்வே 1912-ல் மான்செஸ்டர் விக்டோரியா ஸ்டேஷனில் சிக்னல் பயிற்சிக்கென்றே செய்த மாதிரிப் பாதை இன்று யார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் ரயில்வேயின் உதய்ப்பூர் பயிற்சி நிலையத்தில் பெரிய மாடல் ரூம் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் தொடங்கிய மாதிரி ரயில் கழகத்தில் ஒரு கூட்டம் மலையும் மரமும் செய்தது. இன்னொரு கூட்டம் மேஜைக்கு அடியில் டெலிபோன் ரிலேக்களை இணைத்து சிக்னல் அமைத்தது. அந்தக் கூட்டத்திலிருந்து கணினி நிரல் எழுதும் முதல் தலைமுறையின் சிலர் வந்தார்கள். காரைக்கால் பள்ளிகளில் ஒன்றாவது திருநள்ளாறு ஸ்டேஷனை எட்டடிக்கு இரண்டடிப் பலகையில் அமைத்தால், இயற்பியல் ஆசிரியருக்கு ஒரு வருஷத்துக்கான பாடம் அதில் இருக்கும்.

அப்படி யாராவது தொடங்கினால் ஒரு வேண்டுகோள். சர்வோவுக்கும் விளக்குக்கும் போகும் ஒயர்கள் அனைத்தையும் பலகைக்கு அடியில் முதலில் ஓட்டி, கைகாட்டியும் பாயின்ட்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றனவா என்று வெறும் பலகையிலேயே சோதித்துவிடுங்கள். ஒயருக்குத் துளை போட மறந்த இடம் வாய்க்காலாக இருந்தால், ரெசின் இறுகிய பிறகு அதைத் தோண்ட முடியாது.