‘ஸ’ வராத பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள்



நம் மக்தபுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த எட்டு வயதுப் பிள்ளை ஒன்று திடீரென்று நின்றுவிட்டது. உம்மாவிடம் விசாரித்ததில், அது ஸலாம் சொன்னாலே மற்ற பிள்ளைகள் அதேபோல் சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்களாம். நான் மத்ரஸாவில் ஓதிய காலத்திலும் இப்படி ஒரு தோழர் இருந்தார். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அல்லாஹ் மன்னிப்பானாக.

‘ஸ’ சொல்லும்போது நாக்கு பற்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும்; காற்று நாக்கின் நடுவழியாக மெல்லிய கோடாக வெளியேற வேண்டும். நாக்கு நுனி பற்களுக்கு இடையே நீண்டுவிட்டால் ‘த’ கலந்த ஓசை வரும். அரபியில் ஸீனுக்கும் ‘ஸே’ என்று நாம் ஓதும் மூன்று புள்ளி எழுத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஸீனில் ‘இஸ்ம்’ என்றால் பெயர். அந்த எழுத்தில் சொன்னால் பாவம் என்று பொருள். உஸ்தாதுமார்கள் இதில் கண்டிப்பாக இருப்பது நியாயமே. ஆனால் கண்டிப்பு வேறு, பிரம்பு வேறு. மக்ரஜ் பாடத்தில் அவர்கள் சொல்லித் தருவதைத்தான் பேச்சுப் பயிற்சியாளரும் கண்ணாடியை முன்னால் வைத்துச் சொல்லித் தருகிறார்.

சில பிள்ளைகளுக்குக் காற்று கன்னத்துப் பக்கமாகப் போய், எச்சில் கலந்ததுபோல் ‘ஷ்ல’ என்று கேட்கும். இது வளர வளரத் தானாக மாறுவது அரிது, காத்திருக்க வேண்டாம். நாக்கு நீளும் வகை நாலைந்து வயது வரை சாதாரணம். ஆறு, ஏழு வயதில் முன் பால்பல் விழுந்தாலும் சில மாதம் அப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் காட்டிவிடுங்கள்.

முதலில் காதைப் பரிசோதியுங்கள். ‘ஸ’ மெல்லிய, உயர்ந்த ஓசை; காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு அது தப்பிப் போகலாம். கேட்காததை எப்படிச் சொல்லும்? வசம்பு தடவுவதும், தேன் தொட்டு வைப்பதும் நாக்கு நிற்கும் இடத்தை மாற்றாது. நாக்கின் அடி நரம்பை வெட்டிவிட்டால் சரியாகும் என்பார்கள். ‘ஸ’ வராமல் போக அது காரணமாவது குறைவு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் பல்லை இலேசாகச் சேர்த்து, நாக்கை உள்ளே வைத்து, பாம்பு சீறுவதுபோல் ‘ஸ்ஸ்’ என்று ஊதச் சொல்லலாம். அது வந்தபின் ஸா, ஸீ, ஸூ, பிறகு ஸலாம், ஸஹர், பஸ், கடைசியில்தான் பேச்சு. தினம் ஐந்து நிமிடம் போதும். விருந்தினர் முன்னால் சொல்லிக் காட்டச் சொல்லாதீர்கள்.

மூஸா (அலை) அவர்களே தம் நாவின் முடிச்சு அவிழத் துஆ கேட்டார்கள். தம் சகோதரர் ஹாரூனையும் துணைக்குக் கேட்டார்கள். சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரட்டைக் கூலி என்ற ஹதீஸும் நாம் அறிந்ததே. முயன்றும் நாக்கு திரும்பாதவரின் சொந்தத் தொழுகைக்குக் குறையில்லை. இமாமத் பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்குப் புதிய பல்செட் வைத்ததும் இப்படிக் குழறுவது உண்டு, பழகினால் சரியாகும். ஆனால் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று பேச்சுக் குழறினால், வாய் கோணினால், கை தளர்ந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

2013 முதல் நடக்கும் அரசு சிறார் நலத் திட்டத்தின் கீழ், டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட மையங்களில் 18 வயது வரை பிள்ளைகளை இலவசமாகப் பார்க்கிறார்கள். அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி காட்டுவார்கள். போக வர பஸ் செலவுக்குச் சிரமப்படுபவர்கள் அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் என்னிடம் சொல்லலாம். பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.