திரையும் ஓவியமும் கற்பிக்கும் நினைவுப் பாடம்

"நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணத்தை விவரிப்பவர், காலையில் உண்டதை எப்படி மறக்கிறார்?" மறதி நோயாளரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடை கூற, பலரும் பார்த்த திரைப்படத்திலிருந்தே நாங்கள் தொடங்குகிறோம்.

2005-இல் வெளிவந்த 'கஜினி' படத்தின் நாயகனுக்குச் சிறிது நேரத்திற்கு முன் நடந்தவை நினைவில் நிற்பதில்லை. ஆகவே உடலில் பச்சை குத்தியும் புகைப்படங்களில் குறிப்பெழுதியும் வைத்துக்கொள்கிறான். சண்டைக் காட்சிகளை ஒதுக்கிவிட்டால், இதன் அடிப்படை மருத்துவ உண்மையே. புதிய அனுபவங்களை நிலையான நினைவுகளாக்க உதவுவது, மூளையின் ஆழத்தில் இருபுறமும் அமைந்த ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி. பழைய நினைவுகள் காலப்போக்கில் மூளையின் புறணியில் பரவலாகப் பதிகின்றன. அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸையும் அதனைச் சார்ந்த பகுதிகளையும் முதலில் தாக்குவதால், புதியவை முதலில் நழுவுகின்றன.

'மூன்றாம் பிறை' (1982) நாயகியைப் போல, இழந்த நினைவு ஒரே நாளில் முழுமையாக மீள்வது இந்நோயில் நிகழ்வதில்லை. தலையில் மீண்டும் அடிபட்டால் நினைவு திரும்பும் என்பதும் திரைக் கற்பனையே. அது தீங்கையே விளைவிக்கும்.

ஓவியமும் ஒரு பாடம் சொல்கிறது. 1953-இல் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையில் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை இழந்தவர் அமெரிக்கரான ஹென்றி மொலைசன். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவை வரையும் பயிற்சியை, உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு அளித்தார். நாளுக்கு நாள் அவர் கை தேர்ந்தது. முன்பு வரைந்ததோ அவருக்கு நினைவில்லை. கைப்பழக்கத்தின் நினைவு வேறு வழியில் பதிகிறது என்பதை உலகம் அறிந்தது.

லண்டனில் வாழ்ந்த ஓவியர் வில்லியம் உட்டர்மோலன், 1995-இல் அல்சைமர் கண்டறியப்பட்ட பின்னும் சில ஆண்டுகள் தம் முகத்தையே வரைந்தார். படத்திற்குப் படம் முகத்தின் கூறுகள் கலைகின்றன. எனினும் வரையும் விருப்பம் நெடுநாள் நீடித்தது.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை சில. ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பவர் நம்மைச் சோதிக்கவில்லை. முந்தைய விடை அவரிடம் பதியவில்லை. "இப்போதுதானே சொன்னேன்" என்று கடிந்துகொள்வதால் பயனில்லை. சுருக்கமாக மீண்டும் கூறுங்கள். நாள்காட்டி, பெரிய எழுத்துக் குறிப்பு, பெயரெழுதிய புகைப்படம் ஆகியவற்றைக் கண்ணில் படும்படி வையுங்கள். பூத் தொடுத்தல், கோலமிடுதல் போன்ற பழகிய வேலைகளைத் தொடரச் செய்யுங்கள்.

வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே "வயதானால் இப்படித்தான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரை அணுகுங்கள். திடீரெனக் குழப்பமோ நினைவிழப்போ ஏற்பட்டால், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.