பூட்டை மாற்றுகிறவர்கள் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டாமா?

பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் இருக்கின்றன. உயிர்வாழ் சான்று தொடர்பான கடிதங்கள் மின்னஞ்சலிலும் வந்துபோகின்றன. அந்த மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுத்தவர் பாரிசில் இருக்கும் மகனாகவோ பேத்தியாகவோ இருப்பார். அதில் பதிவான கைபேசி எண்ணும் அவர்களுடையதே. திடீரென்று ஒருநாள் கடவுச்சொல்லோடு, அந்த எண்ணுக்கு வரும் குறியீடும் வேண்டும் என்கிறது திரை. இங்கே விடிகாலை, அங்கே நடு இரவு. தாத்தா யாரை எழுப்புவார்?

2021 முடிவதற்குள் 15 கோடிக் கணக்குகளில் இரட்டைச் சரிபார்ப்பைத் தானே இயக்கப்போவதாகக் கூகுள் அறிவித்தது. வெறும் கடவுச்சொல்லை வைத்து ஜிமெயிலுக்குள் நுழையும் பிற செயலிகளை 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 அன்று அதையே செய்தது. திருடிய கடவுச்சொல் மட்டும் இருந்தால் கணக்கைத் திறக்க முடியாது என்பதால் இவை தேவையான மாற்றங்கள்தான். ஆனால் அறிவிப்பு ஏதோ ஓர் ஆங்கில உதவிப் பக்கத்தில் கிடந்தால் யார் கண்ணில் படும்? இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. உண்மையான அறிவிப்பு எப்படி இருக்கும் என்றே தெரியாதவர், ‘உங்கள் கணக்கு இன்றிரவு மூடப்படும்’ என்று மோசடிக்காரன் அனுப்பும் இணைப்பை நம்பிவிடுவார்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப இடைநிலையாளர் விதிகளின்படி, நிறுவனங்கள் தங்கள் விதிகளையும் பயனர் ஒப்பந்தத்தையும் அவற்றில் செய்யும் மாற்றங்களையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பயனருக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 அக்டோபர் திருத்தத்துக்குப் பிறகு, பயனர் விரும்பினால் தமிழிலேயே தெரிவிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை என்பது போதவே போதாது என்பது என் கருத்து. இருந்தாலும் அதையாவது கேட்டுப் பெறுவோம்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். புகார் வந்து சேர்ந்ததை அவர் 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால், 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே முறையிடலாம். காசு கட்டி வாங்கிய மின்னஞ்சல் சேவை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், புதுச்சேரி நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. 5 லட்சம் ரூபாய் வரை கட்டிய சேவைக்கு வழக்குக் கட்டணம் இல்லை. இலவசக் கணக்குக்கு இந்த வழி எளிதில் திறக்காது. மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

பழைய சிம்மைக் கைவிட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இணைப்பு முடங்கிய எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். உங்கள் குறியீடும் அவருக்கே போகும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், கணக்கு இன்னும் திறக்கும்போதே அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கணக்கில் பதிவான எண்ணை உள்ளூர் எண்ணாக மாற்றுங்கள். கூகுள் தரும் பத்துக் காப்புக் குறியீடுகளை அச்சிட்டு, ஓய்வூதியக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.