முப்பத்திரண்டு அடி வீடு

பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974-ல் புதுக்கோட்டை தனி ஜில்லாவானபோது தஞ்சையைச் சேர்ந்திருந்த அறந்தாங்கிச் சீமை நம்முடன் இணைந்தது. அதனோடு மணமேல்குடியும் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் நமக்குக் கிட்டின. கடல் ஜில்லாவுக்கு வந்துவிட்டது. நம் இல்லங்களுக்கு வந்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். படித்த குடும்பங்களுக்குக் கடல் என்பது ஆடி அமாவாசையன்று ஸ்நானம் செய்யும் இடம், அவ்வளவே. சிறு படகொன்றில் மாதக்கணக்காகக் குடியிருப்பதென்றால் பைத்தியக்காரத்தனம் என்று நகைப்போம்.

ஆயினும் அவ்விதம் குடியிருந்தவர்கள் உண்டு. அவர்களுடைய படகுகளில் பெரும் புகழ் பெற்ற ஒன்று நமது தேசத்திலேயே பிறந்தது என்பதை வாசகர்களில் எத்தனை பேர் அறிவர்? 'சுஹைலி' என்னும் அப்படகின் நீளம் சுமார் 32 அடி. பம்பாயில் நம் தச்சர்கள் தேக்கு மரத்தால் கட்டியது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய மாலுமி 1968 ஜூன் 14-ல் அதில் புறப்பட்டு, எந்தத் துறைமுகத்திலும் தங்காமல் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22-ல் திரும்பினார். 312 நாட்கள்! அப்போட்டியில் கிளம்பிய ஒன்பது பேரில் பிரயாணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. துணையின்றி, இடையில் நில்லாமல் உலகைச் சுற்றிய முதல் மனிதரும் அவரே.

முப்பத்திரண்டு அடி என்பது பெரிய வீடு ஒன்றின் கூடத்து நீளந்தான். அதிலும் கூரிய முனைகளும் பாய்களும் கயிறுகளும் அடைத்த இடம் போக, வசிக்க எஞ்சுவது சிறு அறை ஒன்று. அதில் சௌகரியம் எங்ஙனம் அமையும்?

படுக்கையின் அகலம் இரண்டடி இருந்தால் போதும். அகலம் மிகுந்தால்தான் ஆபத்து. படகு சாயுந்தோறும் உடல் உருளும். பக்கத்தில் கித்தான் துணியை உயர்த்திக் கட்டிவிட்டால், தூளியில் கிடக்கும் குழந்தைபோல் உறங்கலாம். அடுப்பு இரு அச்சுகளில் தொங்குகிறது. படகு எப்படிச் சாய்ந்தாலும் உறியில் வைத்த பானைபோல் அது நிமிர்ந்தே நிற்கும். கனமான சாமான்கள் யாவும் அடித்தளத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் படகு சாய்ந்தாலும் நிமிரும். அங்கே ஈரம் புகுந்து தகரடப்பாக்களின் காகிதச் சீட்டுகள் கழன்றுவிடுமாதலால், ஒவ்வொன்றின் மேலும் உள்ளிருப்பது இன்னதென்று சாயத்தால் எழுதி வைப்பார்கள்.

எல்லாவற்றிலும் அருமையானது நல்ல ஜலம். சோற்று உலையில் ஒரு பங்கு கடல்நீரைக் கலந்தால் ஜலமும் மிச்சம், உப்பும் மிச்சம். துணியைக் கடல்நீரில் துவைக்கலாம். ஆனால் கடைசியில் மழைநீரில் அலசாவிடில், இழைகளில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். துணி உலரவே உலராது. சுஹைலியின் தொட்டி ஜலம் வழியிலேயே கெட்டுப்போயிற்று. பாயில் விழுந்த மழைநீரைப் பிடித்தே அம்மாலுமி உயிர் வாழ்ந்தார்.

ஆகவே சௌகரியம் என்பது சாமான் மிகுதியன்று. நள்ளிரவில் விளக்கின்றிக் கை நீட்டினால் வேண்டிய பொருள் அகப்படுவதே சௌகரியம். அஞ்சறைப் பெட்டியை ஆண்ட நம் பாட்டிமார்களுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆபத்து இல்லையென்று சொல்லோம். சுஹைலியின் சாயலில் கோவாவில் கட்டிய 'துரியா' படகில் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி தனியே சென்றபோது, 2018 செப்டம்பர் 21-ல் புயல் பாய்மரத்தை முறித்தது. அவருடைய முதுகெலும்பும் முறிந்தது. மூன்று நாள் படுக்கையிலேயே கிடந்தார். பிரெஞ்சுக் கப்பலொன்று வந்து மீட்டது. அவரே மறுபடியும் நடக்கப் பழகி, 2022-ல் வேறொரு சிறு படகில் புறப்பட்டு, 236 நாட்களில் உலகைச் சுற்றி, 2023-ல் இரண்டாமிடம் பெற்றார். சற்றே பெரியதான 56 அடி 'தாரிணி'யில், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்துத் தில்னாவும் 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து புறப்பட்டு, நான்கு துறைமுகங்களில் தங்கி, 2025 மே 29-ல் உலகைச் சுற்றித் திரும்பினர். தமிழ்ப் பெண்ணுக்கும் அந்தச் சிற்றறை வீடாயிற்று.

இதை எழுதும்போது நம் வகுப்பறை நினைவுக்கு வருகிறது. கடலோரத்துச் சிறுவன் ஒருவன் பருவக் காற்றைப் பற்றிப் புத்தகத்தில் உள்ளபடி எழுதவில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு பெயர்களை எழுதி, எந்தக் காற்றில் தகப்பனார் படகு இறக்குவார், எந்தக் காற்றில் இறக்கமாட்டார் என்று விவரித்திருந்தான். நாம் மதிப்பெண்ணைக் குறைத்தோம். தகப்பனார் தொழிலைக் கேட்டபோது தலை குனிந்து, மெல்லிய குரலில் சொன்னான்.

சிறு படகில் சுகமாக வாழ்வதற்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது அந்தக் காற்று ஞானமே. அது நம் முதல் வரிசைப் பிள்ளைகளிடம் இல்லை, அவனிடம் இருந்தது. தவறாகத் திருத்திய தாள் அன்று அவனுடையதன்று, நம்முடையதே. அடுத்த பருவக் காற்றுப் பாடத்தை அவனைக் கொண்டே நடத்தச் செய்வதென்று தீர்மானித்திருக்கிறோம்.