ஸ்டென்ட்டா, பைபாஸா? சிலருக்கு இரண்டும்

ஆஞ்சியோகிராம் முடிவைக் கேட்டவுடன் குடும்பத்தினர் பலரும் எழுப்பும் வினா இதுவே: "ஸ்டென்ட் போதுமா, பைபாஸ் செய்ய வேண்டுமா?" நோயாளிகளுள் சிலருக்கு இவ்விரண்டையும் இணைத்துச் செய்வதே பொருத்தமாக அமையும். இதனை ஹைப்ரிட் சிகிச்சை என்கிறோம். ஒரு சிகிச்சை பலிக்காது என்பதால் மற்றொன்றும் செய்யப்படுகிறதோ என்று அஞ்ச வேண்டாம். தொடக்கத்திலேயே திட்டமிட்டு, ஒவ்வொரு அடைப்புக்கும் ஏற்ற வழியைத் தேர்ந்தெடுப்பதே இதன் நோக்கம்.

இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் இடது தமனி, இதயத் தசையின் பெரும்பகுதிக்கு இரத்தம் அளிக்கிறது. மார்பின் உட்புறத் தமனியை அதனுடன் இணைத்தால், 10 ஆண்டுகளுக்குப் பின்னரும் 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு அவ்விணைப்பு அடைபடாமல் இருக்கிறது. காலிலிருந்து எடுக்கப்படும் சிரைகள் அவ்வளவு காலம் நீடிப்பதில்லை; 10 ஆண்டுகளில் அவற்றுள் பாதியளவு அடைபட்டுவிடக்கூடும். ஆகவே, முதன்மையான தமனிக்கு மார்புத் தமனியும், ஏனைய தமனிகளுக்குக் கால் சிரைக்கு மாற்றாக ஸ்டென்ட்டும் பயன்படுத்தப்படுகின்றன.

அறுவை மருத்துவர் இடது விலா எலும்புகளுக்கிடையே சிறிய கீறலிட்டு, பெரும்பாலும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பைச் செய்கிறார். நெஞ்செலும்பை வெட்ட வேண்டியதில்லை. இதய மருத்துவர், மணிக்கட்டு அல்லது தொடை வழியாகக் கதீட்டரைச் செலுத்தி ஸ்டென்ட் பொருத்துகிறார். இவை ஒரே நாளிலோ, சில நாள்கள் அல்லது வாரங்கள் இடைவெளியிலோ நடைபெறலாம்.

இம்முறை எல்லோருக்கும் ஏற்றதன்று. மற்ற அடைப்புகள் ஸ்டென்ட் வைக்க இயலாதவையாக இருந்தாலோ, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை உட்கொள்ள முடியாவிட்டாலோ, வழக்கமான பைபாஸே சிறந்தது. எனவே இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கூடிப் பேசியே முடிவெடுக்கின்றனர். உங்களுக்கு இம்முறை பரிந்துரைக்கப்பட்டால், "எந்தத் தமனிக்கு எந்தச் சிகிச்சை? ஏன்? எது முதலில்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

வீடு திரும்பிய பின் ஒன்றை மறவாதீர்கள். ஆஸ்பிரினும், அதனுடன் தரப்படும் குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரையும் ஸ்டென்ட்டைக் காக்கின்றன. பல் பிடுங்குவதற்காகவோ, உடல் தேறிவிட்டது என்ற எண்ணத்தாலோ அவற்றைத் தாமாக நிறுத்தினால், ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்து திடீர் மாரடைப்பு நேரக்கூடும். எந்தச் சூழலிலும் எங்களைக் கேட்ட பிறகே மாற்றம் செய்யுங்கள். மாத்திரை தீர்வதற்கு முன்பே அடுத்த அட்டையை வாங்கி வைத்திருப்பது குடும்பத்தினர் ஆற்றக்கூடிய பேருதவியாகும்.