அறுவதற்கு முன்னரே மாற்றுவோம்

நாம் அன்றாடம் பயன்படுத்தும் பொருள்களில் பெரும்பாலானவை, பழுதடையுமுன் தம் குறையை நமக்குச் சொல்லிவிடுகின்றன. தேய்ந்த பிரேக் கிரீச்சிடுகிறது. தளர்ந்த சங்கிலி சலசலக்கிறது. டயர் தன் வழுக்கையைக் கண்ணுக்குக் காட்டுகிறது. இவற்றைக் கேட்டும் கண்டும் நாம் பட்டறைக்குச் செல்லுகிறோம். ஆனால் சிலவகைப் பழைய மோட்டார் சைக்கிள்களின் இயந்திரத்தில், முன்னறிவிப்பு ஏதுமின்றித் தன் வேலையை ஒரு நொடியில் நிறுத்திவிடும் உறுப்பு ஒன்று உண்டு. அதுவே டைமிங் பெல்ட் எனப்படும் பல்வைத்த ரப்பர் வார். அதன் விலை அற்பம். அது அறுந்தால் விளையும் சேதமோ பெரிது. அதனை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் முறையையும், அப்பணியில் காக்க வேண்டிய எச்சரிக்கையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பெல்ட் செய்யும் பணி என்ன?

இயந்திரத்தின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அதனால் சுழல்வது கிராங்க் தண்டு. பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வரவும், எரிந்த புகை வெளியேறவும் வால்வுகள் என்னும் கதவுகள் உரிய கணத்தில் திறந்து மூட வேண்டும். அவற்றைத் திறப்பது கேம் தண்டு. கிராங்க் இரண்டு முறை சுற்றும்போது கேம் ஒரு முறை சுற்ற வேண்டும் என்பது நான்கு வீச்சு இயந்திரத்தின் மாறாத கணக்கு. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்னும் நிதானமான வேகத்திலும், கிராங்க் நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. கேம் 25 முறை சுற்றுகிறது. இவ்விரண்டையும் இணைத்து, கணக்குப் பிசகாமல் ஓட்டுவதே டைமிங் பெல்ட்டின் பணி.

பல இயந்திரங்களில், திறந்த வால்வு நீட்டிக்கொள்ளும் இடத்துக்கே சற்றுப் பொறுத்துப் பிஸ்டனும் வந்து போகிறது. ஒரே இடம், வெவ்வேறு கணங்கள். முறை தவறாதவரை ஒன்றையொன்று தீண்டுவதில்லை. பெல்ட் அறுந்தாலோ, சில பற்கள் தாவினாலோ, திறந்தபடி நின்றுவிட்ட வால்வின்மீது பிஸ்டன் மோதுகிறது. வால்வு வளைகிறது, சில வேளைகளில் பிஸ்டனும் உடைகிறது. ஓர் எளிய ரப்பர் வாரைக் கவனியாமல் விட்டதன் விலையாக, இயந்திரத்தையே பிரித்துப் போட வேண்டிய நிலை வருகிறது.

சங்கிலியிலிருந்து ரப்பருக்கு

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றில் கேம் தண்டை ஓட்டுவது ஆயிலில் நனைந்தோடும் சிறு சங்கிலி. பழைய புல்லட் வண்டியில் பற்சக்கரங்களே அப்பணியைச் செய்தன. ஆனால் நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழக்கமான மாருதி 800 காரில் டைமிங் பெல்ட் உண்டு. கார்களில்தான் இவ்வார் முதலில் பெருவழக்குக்கு வந்தது. ஜெர்மனியில் 1962இல் விற்பனைக்கு வந்த கிளாஸ் 1004 என்னும் கார், பெருமளவில் தயாரிக்கப்பட்ட கார்களுள் இவ்வாரைக் கொண்ட முதலாவதாகும். ரப்பர் வாருக்கு ஆயில் வேண்டுவதில்லை, எடை குறைவு, ஓசையும் குறைவு. இக்காரணங்களால் அது விரைவில் பரவியது.

மோட்டார் சைக்கிள்களில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள் இரண்டு. ஒன்று, ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் 1974இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் அறிமுகம் செய்த கோல்ட் விங் ஜிஎல் 1000. மற்றொன்று, இத்தாலியின் பொலோஞா நகரத்து டுகாட்டி நிறுவனத்தின் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி வடிவமைத்து, 1979இல் வெளிவந்த பாந்தா 500.

கோல்ட் விங், நெடுந்தூரப் பயணத்துக்கென்றே பிறந்த வண்டி. அதன் நான்கு சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றுக்கொன்று எதிராகப் படுத்திருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டைமிங் பெல்ட்டுகள், இயந்திரத்தின் முன்புறத்தில், ரேடியேட்டருக்குப் பின்னால் மூடிகளுக்குள் ஓடுகின்றன. ஜிஎல் 1000க்குப் பின் வந்த 1100, 1200, 1500 மாடல்களிலும் பெல்ட்டே தொடர்ந்தது. 2001ஆம் ஆண்டு மாடலாக வந்த ஜிஎல் 1800இல்தான் நிறுவனம் சங்கிலிக்கு மாறியது. 1975 முதல் 1979 வரையிலான மாடல்களாக விற்பனையான ஜிஎல் 1000 வண்டிகள், குறிப்பாக அமெரிக்காவில், இன்றும் பல வீட்டுக் கொட்டகைகளில் பேணப்படுகின்றன. அவற்றின் உரிமையாளர்களில் பலர் இந்த வேலையைத் தாமே செய்கின்றனர். ஆகவே அவ்வண்டியையே மாதிரியாகக் கொள்வோம்.

தூரம் மட்டுமன்று, வயதும் கணக்கு

“என் வண்டி அதிகம் ஓடவில்லையே, பெல்ட் ஏன் தேயப்போகிறது?” என்று கேட்பவர் உண்டு. இது ஏமாற்றும் எண்ணம். டைமிங் பெல்ட் என்பது செயற்கை ரப்பருக்குள் கண்ணாடி இழை போன்ற உறுதியான இழைகளைப் பதித்துச் செய்தது. ரப்பர் ஓடினாலும் முதுமையடைகிறது. ஓடாமல் கிடந்தாலும் முதுமையடைகிறது. வெப்பம் அதனை இறுகச் செய்கிறது. ஒழுகும் ஆயில் அதனை ஊறச் செய்கிறது. ஒரே நிலையில் பல ஆண்டுகள் நின்ற வண்டியில், பற்சக்கரத்தைச் சுற்றி வளைந்த இடத்தில் அதன் வளைவு நிலைத்துவிடுவதும் உண்டு. டுகாட்டியின் பழைய வண்டிகள் பலவற்றுக்கு, ஓடிய தூரம் எவ்வளவு குறைவாயினும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பெல்ட்டை மாற்றவேண்டும் என்பதே விதியாயிருந்தது.

ஆகவே பழைய வண்டியொன்றை விலைக்கு வாங்குவோர், பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று கேட்பது நலம். சான்று இல்லையெனில், மாற்றப்படவே இல்லை என்று கொள்ளுவதே அறிவுடைமை. புதிய பெல்ட்டிலும் எச்சரிக்கை தேவை. பல ஆண்டுகள் கடை அலமாரியில் கிடந்தது, மடிக்கப்பட்டது, முறுக்கப்பட்டது எதுவாயினும் அதனை வாங்க வேண்டாம்.

தொடங்குமுன்

முதலில் அந்த மாடலுக்கே உரிய பணிமனைக் கையேட்டைத் தேடிப் பெறுக. போல்ட்டுகளை எவ்வளவு விசையில் முடுக்குவது, கிராங்க்கை எப்பக்கம் சுற்றுவது ஆகியவற்றை அதுவே சொல்ல வேண்டும். பிறர் நினைவை நம்பலாகாது. விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றும், வெள்ளை வர்ணம் சிறிதும், நல்ல வெளிச்சமும் வேண்டும்.

இயந்திரம் முற்றிலும் குளிர்ந்திருக்கட்டும். ஏறக்குறைய 265 கிலோ எடையுள்ள வண்டி இது. நடு ஸ்டாண்டில், சமதரையில் உறுதியாக நிறுத்துக. பாட்டரியின் இணைப்பைக் கழற்றுக. வண்டியை நியூட்ரலில் வைத்து, ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றிவிடுக. இதனால் கிராங்க்கைக் கையால் எளிதாகச் சுழற்றலாம். இதற்கு இன்னொரு பெரும்பயனும் உண்டு; பின்னர்க் காண்போம்.

ரேடியேட்டரைக் கழற்றினால் வேலைக்கு இடம் கிடைக்கும். அதிலிருந்து வடியும் குளிர்விப்பு நீர்மத்தை மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து உடனே அப்புறப்படுத்துக. அது இனிப்புச் சுவையுடைய கொடிய நஞ்சு. குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் அதனருகில் வராதிருக்கப் பார்த்துக்கொள்வது, வேலையைக் காட்டிலும் முதன்மையானது.

குறிகள் பொருந்தட்டும்

மூடிகளைக் கழற்றியதும் பெல்ட்டில் கை வைக்க வேண்டாம். கிராங்க்கை மெதுவாகச் சுழற்றி, சோதனைத் துவாரத்தின் வழியே ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும். அங்கே ‘டி-1’ என்னும் குறி, துவாரத்தின் அடையாளத்துக்கு நேராக வரவேண்டும். அருகிலேயே ‘எஃப்-1’ என்னும் குறியும் இருக்கும்; அது தீப்பொறி பாயும் நேரத்தைக் குறிப்பது. அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது. ஆகையால் இருமுறை பார்க்கவும். ‘டி-1’ நேராக நிற்கும்போது, இரு கேம் பற்சக்கரங்களின் குறிகளும் இயந்திர உடலிலுள்ள அடையாளங்களோடு பொருந்த வேண்டும். பொருந்தவில்லையெனில் கிராங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றுக. கிராங்க்கின் இரண்டு சுற்றுக்குக் கேமின் ஒரு சுற்று என்பதால், ஒன்றுவிட்டொரு சுற்றில்தான் யாவும் பொருந்தும். பொருந்திய நிலையில் பெல்ட்டுக்கும் பற்சக்கரங்களுக்கும் குறுக்கே வெள்ளை வர்ணத்தால் கோடிட்டு வைப்பது நல்ல துணை.

அடுத்து, பெல்ட்டை இறுக்கமாய் வைத்திருக்கும் உருளைகளின் போல்ட்டுகளைத் தளர்த்தி, உருளையைப் பின்தள்ளிப் பிடித்து மீண்டும் முடுக்குக. பெல்ட் தளர்ந்துவிடும். இரு பெல்ட்டுகளும் கிராங்க்கில் ஒன்றன்பின் ஒன்றாக அமர்ந்திருப்பதால், வெளியே இருப்பதை முதலில் எடுக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்புதல் கூடாது. பெல்ட்டை எடுத்தவுடன், வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் கேம் பற்சக்கரம் தன் குறியை விட்டு நகரக்கூடும். அஞ்ச வேண்டாம், ஸ்பானரால் மெல்லக் குறிக்குக் கொண்டுவருக. எங்கேனும் தடை தோன்றினால் வலுக்கட்டாயம் செய்யலாகாது.

பெல்ட் இல்லாத இவ்வேளையில் உருளைகளை விரலால் சுழற்றிப் பார்க்கவும். கரகரத்தாலோ ஆடினாலோ அவையும் மாற வேண்டியவையே. ஆயில் சீல்களில் கசிவு இருந்தால் அதனை இப்போதே சீர்செய்க. இல்லையேல் புதிய பெல்ட்டும் விரைவில் கெடும். பெல்ட்டிலோ பற்சக்கரத்திலோ ஆயிலும் கிரீசும் படவே கூடாது.

புதிய பெல்ட்டைப் பூட்டும்போது, உருளைக்கு எதிர்ப்பக்கம் தொய்வின்றி நேராக நிற்குமாறு பற்களில் அமர்த்துக. பிறகு உருளையின் போல்ட்டைத் தளர்த்தினால், அதன் ஸ்பிரிங்கே பெல்ட்டை வேண்டிய அளவு இழுத்துக்கொள்ளும். நம் கை வலிமையால் மேலும் இறுக்குவது உதவியன்று, கேடு. அளவுக்கு மீறி இறுகிய பெல்ட் ஊளையிடும், பேரிங்குகளும் கெடும். கையேடு சொல்லும் விசையில் போல்ட்டுகளை முடுக்குக.

கையால் இரண்டு சுற்று

இப்போது வருவதே இவ்வேலையின் உயிர்நாடி. மூடியை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்ய மனம் விரையும். விரையலாகாது. கிராங்க்கைக் கையேடு காட்டும் திசையில், கையாலேயே இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுழற்றுக. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியதன் பெரும்பயன் இங்கேதான் விளங்கும். சிலிண்டரில் காற்றழுத்தம் இல்லாததால், எங்கேனும் கடினமான தடை தோன்றினால் அது பெரும்பாலும் உலோகம் உலோகத்தைத் தீண்டுவதாகவே இருக்கும். உடனே நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கையால் மெல்லச் சுழற்றும்போது தெரியவரும் பிழை பெரும்பாலும் செலவில்லாமல் திருந்திவிடும். அதே பிழை ஸ்டார்ட்டர் மோட்டாரால் தெரியவந்தால் வால்வு வளைந்துவிடும்.

இரண்டு சுற்று முடிந்ததும் மூன்று குறிகளையும் மறுபடி பார்க்கவும். ஒரு பல் அளவு தவறினும், “பரவாயில்லை” என்று விட்டுவிடக் கூடாது. ஒரு பல் தவறிய இயந்திரம் ஓடலாம். ஆனால் வலிமை குன்றி, தடுமாறி ஓடும். யாவும் பொருந்திய பின்னரே மூடி, ரேடியேட்டர், பிளக், பாட்டரி என்று ஒவ்வொன்றாகப் பூட்டுக. இறுதியில் மூடியின் உட்புறத்தில், மாற்றிய தேதியையும் வண்டி ஓடிய தூரத்தையும் எழுதிவைக்கவும். நாளை அவ்வண்டி மகனிடமோ, வேறொருவரிடமோ செல்லும்போது, அந்த ஒரு வரி அவருக்குப் பெருந்துணையாகும்.

யார் செய்யலாம்?

இவ்வேலைக்கு அபூர்வக் கருவிகள் வேண்டியதில்லை. பெரும் உடல் வலிமையும் வேண்டியதில்லை. வேண்டுவது, குறுக்கீடற்ற ஒரு முழு நாளும், பார்த்ததையே மறுபடி பார்க்கச் சலியாத மனமும்தான். அவை இல்லாத வாரத்தில், தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதில் இழுக்கு ஏதுமில்லை. தள்ளிப்போடுவதுதான் ஆகாது. பிறக்கும்போதே ஆயுள் வரையறுக்கப்பட்ட பொருள் அது. அந்த ஆயுளைக் கணக்கில் வைத்துக்கொள்வது வண்டிக்குரியவரின் கடமை. தன் குறையைச் சொல்லத் தெரியாத பொருளுக்காக, நாள்காட்டியைப் பார்த்து நாமே முந்திக்கொள்ள வேண்டும்.