ஒற்றைப் பீப்பாய் விஸ்கியும் மூக்கின் சாட்சியமும்

ஸ்காட்லாந்திலுள்ள விஸ்கி வடிசாலைகள் தாம் வடித்த சரக்கு முழுவதையும் தம் பெயரிலேயே விற்பதில்லை. பெரும்பகுதி கலவை விஸ்கி தயாரிப்போருக்குச் செல்கிறது. ஒரு சிறு பகுதி மட்டும், பீப்பாய் பீப்பாயாக, வேறு வணிகர் கைக்கு வந்து அவர்களுடைய பெயர்ச்சீட்டுடன் புட்டிகளில் அடைக்கப்படுகிறது. இவ்வணிகரைச் சுயேச்சைப் புட்டியாளர் எனலாம். 1842-இல் அபர்தீன் நகரில் தோன்றிய கேடன்ஹெட், 1895-இல் எல்ஜின் நகரில் தோன்றிய கார்டன் அண்டு மக்ஃபைல் ஆகிய இரண்டும் இத்துறையில் பழமையானவை.

வடிசாலை தன் பெயரில் வெளியிடும் சரக்கு பல பீப்பாய்களைக் கலந்து, ஆண்டுதோறும் ஒரே சுவை கிட்டுமாறு அமைக்கப்படுவது. சுயேச்சைப் புட்டியாளரோ பெரும்பாலும் ஒரே பீப்பாயை அப்படியே புட்டியில் அடைக்கின்றனர். ஒரே நாளில் வடிக்கப்பட்டு அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரு பீப்பாய்கள்கூடப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க மாதிரிச் சரக்கு எதுவும் இங்கே கிடையாது. பீப்பாயின் தரத்தையும் விலையையும் முடிவு செய்வது தேர்வாளரின் மூக்கு ஒன்றே. அந்த மூக்கின் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விஞ்ஞானம் விடை கூறவேண்டிய கேள்வியாகும். (மது அருந்துமாறு தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தேர்வாளரே பெரும்பாலும் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திவிடுகின்றனர். வாயில் வைத்தாலும் உமிழ்ந்துவிடுகின்றனர்.)

முதலில் பீப்பாயின் கணக்கைக் கவனிப்போம். ஸ்காட்லாந்தின் சட்டப்படி விஸ்கி 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருத்தல் வேண்டும். ஹாக்ஸ்ஹெட் எனப்படும் பீப்பாய் ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். மரத்தின் நுண்துளைகள் வழியே ஆண்டுக்குச் சுமார் நூற்றுக்கு 2 பங்கு ஆவியாகிவிடுகிறது. இதனை ‘தேவதைகளின் பங்கு’ என்று அந்நாட்டார் வேடிக்கையாகக் கூறுவர். இவ்வீதத்தில் 12 ஆண்டுகள் கழிந்தால் எஞ்சுவது 196 லிட்டர்; அதாவது 700 மில்லிலிட்டர் கொண்ட 280 புட்டிகள். ஈரமும் குளிர்ச்சியும் மிக்க அந்நாட்டுக் கிடங்குகளில் நீரைவிட ஆல்கஹாலே விரைந்து வெளியேறுவதால் சரக்கின் வலிமையும் படிப்படியாகக் குறைகிறது. நூற்றுக்கு 63.5 பங்கு ஆல்கஹாலுடன் உள்ளே சென்றது 58 பங்குடன் வெளிவருவது இயல்பே.

இழப்புக்கு ஈடாக மரம் கொடுப்பதும் உண்டு. ஓக் மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் உண்டாகிறது. அதே மரத்திலுள்ள லாக்டோன் என்னும் பொருள் தேங்காய் மணத்தைத் தருகிறது. வாழைப்பழ மணம் மரத்திலிருந்து வருவதன்று. நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட் என்னும் எஸ்டரே அதற்குக் காரணம். ஐலா தீவிலுள்ள கூல் ஈலா போன்ற வடிசாலைகளின் சரக்கில் இவற்றோடு ஒரு புகை வாடையும் கலந்திருக்கும். முளைகட்டிய வாற்கோதுமையை, பீட் எனப்படும் சதுப்புநில மண்கரியின் புகையில் உலர்த்துவதால் குவாயகால், கிரிசால் முதலிய பீனால் இனப் பொருள்கள் தானியத்தில் படிகின்றன. மருத்துவமனைத் தரையின் வாடை என்று சிலர் இதனை ஒதுக்குவர். அதனையே நாடி அதிக விலை கொடுப்போரும் உளர்.

மொழிபெயர்ப்பாளனுக்கு இங்கே ஒரு சங்கடம் நேர்கிறது. சுவைக்குத் தமிழில் ஆறு பெயர்கள் உண்டு. மணத்துக்கோ அவ்வாறு தனிப் பெயர்கள் இல்லை. பூவின் பெயரையும் பழத்தின் பெயரையும் கடன் வாங்கியே கூறவேண்டியிருக்கிறது. ‘நாற்றம்’ என்னும் பழைய நல்ல சொல்லையும் நாம் கெடுத்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்திலும் நிலைமை அதிகம் வேறன்று. ஸ்காட்லாந்தின் ஆராய்ச்சியாளர் 1979-இல் விஸ்கியின் மணங்களைச் சக்கர வடிவில் வகுத்துச் சொற்களை வரையறுத்ததன் நோக்கம், இருவர் ஒரே சொல்லால் ஒரே பொருளைக் குறிக்கவேண்டும் என்பதே.

சுவை என்று நாம் கூறுவதில் பெரும்பகுதி மூக்கின் வேலையாகும். இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். மாணவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காயை மெல்லட்டும். காரமும் சிறிது கைப்பும் தவிர வேறொன்றும் தெரியாது. மூக்கை விட்டவுடன் ஏல மணம் எழும். வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மேலேறும் ஆவியே அதற்குக் காரணம்.

வலிமை மிக்க சரக்கை முகர்ந்தால் ஆல்கஹாலின் எரிச்சல் மற்ற மணங்களை மறைத்துவிடும். எனவே தேர்வாளர் நீர் சேர்த்து ஏறத்தாழ 20 பங்குக்குக் குறைத்துக்கொள்வது வழக்கம். 58 பங்கு வலிமையுள்ள 25 மில்லிலிட்டர் சரக்கில் 14.5 மில்லிலிட்டர் ஆல்கஹால் உள்ளது, சுமார் 47.5 மில்லிலிட்டர் நீர் சேர்த்தால் வேண்டிய வலிமை கிட்டும். (நீரும் ஆல்கஹாலும் கலக்கும்போது மொத்தக் கன அளவு சற்றுச் சுருங்குவதை இங்கே கணக்கிடவில்லை.) நீர் எரிச்சலைத் தணிப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஸ்வீடனில் உள்ள லின்னேயஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் 2017-இல் கணிப்பொறி மூலம் மூலக்கூறுகளின் இயக்கத்தை ஆராய்ந்தனர். ஆல்கஹால் 45 பங்கு வரை உள்ள கலவையில் குவாயகால் மேற்பரப்பில் தங்குகிறது. 59 பங்குக்கு மேற்பட்டால் ஆல்கஹால் மூலக்கூறுகள் அதனைச் சூழ்ந்து திரவத்தின் உட்புறம் தள்ளிவிடுகின்றன. புகை மணம் நீர் விட்டபின் மேலெழுவது வெறும் பிரமையன்று என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் பிரமைக்கும் இடமுண்டு. பிரான்சில் போர்தோ நகரில் ஆராய்ச்சியாளர் வெண்திராட்சை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து, மதுவியல் பயின்ற 54 மாணவரிடம் கொடுத்தனர். அவர்கள் செந்திராட்சை மதுவுக்குரிய சொற்களாலேயே அதனை வருணித்தனர். இம்முடிவு 2001-இல் வெளிவந்தது. விஸ்கியிலோ கருக்கிய சர்க்கரையால் நிறமேற்றச் சட்டமே இடம் தருகிறது. சுயேச்சைப் புட்டியாளர் பலர் அதனைத் தவிர்க்கின்றனரெனினும், நிறத்தால் ஏமாறாதிருக்கத் தேர்வாளர் நீலக் கண்ணாடிக் கிண்ணங்களைப் பயன்படுத்துவதுண்டு.

மூக்கைச் சோதிக்கச் சிறந்த வழி மூன்று கிண்ணச் சோதனை. இரண்டில் ஒரே பொருளும் மூன்றாவதில் வேறும் வைத்து, மாறுபட்டது எது என்று கேட்கவேண்டும். குருட்டுவாக்கில் சொன்னாலும் மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவர். ஆதலால் 12 பேரில் 4 பேர் சரியாகச் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. குறைந்தது 8 பேர் சொன்னால்தான் வேறுபாடு உண்மை எனக் கொள்ளலாம். தேயிலை, நெய், அரிசி ஆகியவற்றை ஆராயும் களப் பணியாளருக்கும் இம்முறை அப்படியே பொருந்தும்.

வேறுபாடு உண்டா என்பதை மூக்கு கூறும். எந்த ஆண்டில் வடித்தது என்பதைக் கூறாது. பழம்புட்டிகள் இலட்சக்கணக்கில் விலைபோகும் சந்தையில் இது சிறிய குறையன்று. அங்கே கதிரியக்கக் கார்பன் துணைக்கு வருகிறது. 1950-களிலும் 1960-களிலும் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றுவெளியில் கார்பன்-14 ஏறத்தாழ இருமடங்காயிற்று. அக்காலத்தில் விளைந்த வாற்கோதுமையிலும், அதிலிருந்து வடித்த விஸ்கியிலும் அந்த மிகுதி பதிந்துள்ளது. அதற்கு முற்பட்டதாகக் கூறப்படும் புட்டியில் அம்மிகுதி காணப்பட்டால் சீட்டு பொய் என்பது தெளிவு. 2018-இல் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையம் இம்முறையில் 55 பழம்புட்டிகளைச் சோதித்தது. அவற்றுள் 21 போலியானவை, அல்லது சீட்டில் குறித்த ஆண்டில் வடிக்கப்படாதவை என்று முடிவாயிற்று.